அறுபது நிமிடக் கடிகாரம்: வீடியோ கேம்களில் பழைய ரசனை, புதிய ரசனை என்ற பிரிவினை குறித்து

2020இல் வெளிவந்த 'கிராஷ் பாண்டிகூட் 4' ஆட்டத்தில் புதிதாக இறங்குபவரிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: மாடர்னா, ரெட்ரோவா? ரெட்ரோ என்றால் லைஃப் எண்ணிக் கொடுப்பார்கள். எல்லாம் தீர்ந்தால் அந்த லெவலை முதலிலிருந்து ஆட வேண்டும். மாடர்ன் என்றால் லைஃப் கணக்கே கிடையாது. எத்தனை முறை செத்தாலும் கடைசி செக்பாயிண்டில் எழுந்துகொள்ளலாம். செத்த எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பள்ளம் அதே பள்ளம், எதிரி அதே எதிரி. சாவுக்கு என்ன விலை என்பதில் மட்டும்தான் இரண்டும் பிரிகின்றன. அந்த ஒரு வேறுபாட்டுக்குக் காலத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இந்தப் பெயர்சூட்டல் தவறு என்பதே என் வாதம். பழைய ஆட்டம் பிடிக்கும், புதிய ஆட்டம் பிடிக்கும் என்று இரு கட்சியாக நிற்பவர்கள் உண்மையில் சண்டையிடுவது, தோற்றவரிடமிருந்து எதைப் பிடுங்கலாம் என்பதற்காக. அந்தக் கேள்விக்கான இரண்டு விடைகளும் தொடக்கத்திலிருந்தே, பெரும்பாலும் ஒரே ஆட்டத்துக்குள்ளேயே, சேர்ந்தே இருந்திருக்கின்றன.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. முதலாவது, மலரும் நினைவு: சிறுவயதில் ஆடியது இனிக்கும் என்பது. 'மெகா மேன் 9' 2008இல் வேண்டுமென்றே எட்டு பிட் காலத்துத் தோற்றத்தில் வந்தபோது இந்த விளக்கம் செல்லுபடியானது. ஆனால் 'டார்க் சோல்ஸ்' வரிசையிலும் 'செலஸ்ட்' ஆட்டத்திலும் நூற்றுக்கணக்கான முறை செத்து மகிழ்கிறவர்களில் பலர் எட்டு பிட் கருவியைத் தொட்டே இராதவர்கள். அவர்களுக்கு எந்த நினைவு மலரும்? இரண்டாவது காரணம் கடினம்: பழையது கடினம், புதியது எளிது. 2019இல் 'செகிரோ' வந்தபோது எளிய நிலை ஒன்று வேண்டுமா என்று எழுந்த சண்டையை நினைவுகூர்ந்தாலே இதுவும் நிற்காது என்று தெரிந்துவிடும்; அது புத்தம்புதிய ஆட்டம்.

பழைய ரசனைக்கு ஒரு வரலாறு உண்டு, அது அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. ஆர்கேட் எந்திரம் காசு விழுங்கிப் பிழைத்தது. ஒரு காசுக்கு ஒருவர் அரை மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நட்டம். 1979இல் வந்த 'ஆஸ்ட்ராய்ட்ஸ்' ஆட்டத்தில், கடைசிப் பாறையை உடைக்காமல் விட்டுவைத்து, வந்துபோகும் பறக்கும் தட்டுகளை மட்டும் சுட்டே மணிக்கணக்கில் ஆடலாம் என்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 1981இல் வந்த அடுத்த பதிப்பில் அந்த வழி அடைக்கப்பட்டது. அதே காலத்தில் எம்ஐடி மாணவர்கள் சிலர், 'மிசைல் கமாண்ட்' எந்திரங்களை வாங்கி வைத்து நடத்திக்கொண்டிருந்தபோது, ஆடுகிறவர்கள் தேறத் தேற வருமானம் குறைவதைப் பார்த்து, ஆட்டத்தைக் கடினமாக்கும் கூடுதல் பலகை ஒன்றைத் தாங்களே செய்து விற்றார்கள். அந்த எந்திரத்தைச் செய்த அட்டாரி வழக்குப் போட்டது, பின் சமாதானம் ஆனது. அந்தக் குழு 'பாக்மேன்' எந்திரத்துக்காகச் செய்த இன்னொரு பலகைதான் 1982இல் 'மிஸ் பாக்மேன்' ஆயிற்று. ஆக, இன்று செவ்வியல் என்று கொண்டாடப்படும் ஓர் ஆட்டம், வசூல் குறைந்ததற்கு மருந்து தேடிய தொழிலின் பிள்ளை.

வீட்டுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். 1994இன் 'கான்ட்ரா: ஹார்ட் கோர்' ஜப்பானியப் பதிப்பில் மூன்று அடி தாங்கலாம், அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு. அப்போது ஜப்பானில் கேம் வாடகைக்கு விடுவதில்லை, அமெரிக்காவில் வார இறுதிக்கு வாடகைக்கு எடுப்பது அன்றாட வழக்கமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கடைக்காரரின் கணக்கு ஆட்டக்காரரின் விரல்களில் பழக்கமாகி, பழக்கம் ரசனையாகி, ரசனை பிற்பாடு தன்னை அறமாக எண்ணிக்கொண்டது.

இத்தோடு நிறுத்தினால் பழைய ரசனை வெறும் ஏமாளித்தனம் ஆகிவிடும். அப்படியும் இல்லை என்பதற்கு 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பெயரில் மூன்று தலைமுறை, சாவுக்கு மூன்று விடை.

ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் இரண்டு கணினிக்காக 1989இல் முடித்த ஆட்டம் அது. தம்பி டேவிட் ஓடித் தாவுவதை வீடியோ எடுத்து, சட்டகம் சட்டகமாகப் பார்த்து வரைந்ததால் இளவரசன் மனிதனைப் போல ஓடினான். மனிதனைப் போலவே நினைத்த மாத்திரத்தில் நிற்க முடியாமல் தடுமாறினான். அமைச்சன் ஜாபர் இளவரசிக்குக் கொடுத்த கெடு ஒரு மணி நேரம். அந்த அறுபது நிமிடமும் நிஜ நிமிடம். செத்தால் லெவலின் தொடக்கத்தில் எழுந்துகொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். லைஃப் கணக்கு கிடையாது. ஆனால் போன நிமிடம் போனதுதான், கடிகாரம் பின்னால் போகாது.

இதில் கற்றல் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஈட்டி முனைகள் எழும் இடத்துக்கு முதன்முறை ஓடி வருகிறோம், குத்துப்பட்டுச் சாகிறோம். அடுத்த முறை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போகிறோம். ஈட்டிகளுக்கு நடுவே நடந்தால் ஒன்றும் ஆவதில்லை என்று தெரிகிறது. ஷிஃப்டோடு விளிம்புக்கு வந்தால் இளவரசன் காலை நீட்டிப் பார்த்து நின்றுவிடுவான், மறுபடி அழுத்தினால்தான் இறங்குவான். நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தால் அந்த வரிசையில் பிடிப்பில்லாத கற்கள் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுக்கும். ஒரு தளம் விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு தளம் விழுந்தால் உயிர்ப்புள்ளி ஒன்று குறையும், மூன்று என்றால் முடிந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு, முதலில் எட்டு நிமிடம் தின்ற லெவலை ஒன்றரை நிமிடத்தில் கடக்கிறோம். கடினம் குறையவில்லை, நாம் மாறிவிட்டோம். அந்த மாற்றத்தை அளந்து காட்ட ஒரு கோல் வேண்டும், கடிகாரம் அதைத்தான் செய்தது.

இப்படி மாறியவருக்கு வருவது பெருமிதம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அதற்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது. அஞ்சாமை எனும் தறுகண்மை அவற்றில் ஒன்று. ஆனால் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கல்வி. புகழைக் குறிக்கும் இசைமையும் உண்டு. ஆர்கேட் எந்திரங்களின் மதிப்பெண் பட்டியல் அதைத்தான் விற்றது. பழைய ஆட்டக்காரர்கள் தங்கள் பெருமிதத்தைப் பற்றிப் பேசும்போது தறுகண்மையையே பேசுகிறார்கள்: நாங்கள் எவ்வளவு அடி வாங்கினோம் தெரியுமா என்று. அவர்களுடைய உண்மையான இன்பம் கல்வியில் இருந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் எளிய நிலை ஒன்றைச் சேர்த்தால் ஏதோ களவுபோய்விட்டதுபோல் பதறுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் டாஸ் பதிப்பில் மூன்றாம் லெவலிலிருந்து கன்ட்ரோலோடு ஜி அழுத்தினால் ஆட்டம் சேவ் ஆகும். சேவ் ஆவது லெவல் எண், உயிர்ப்புள்ளி, அத்துடன் அந்தக் கணத்தில் மிச்சமிருந்த நேரம். இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். லெவலில் காலடி வைத்தவுடன் சேவ் செய்துவிட்டு, பத்து நிமிடம் செத்துச் செத்துப் படித்துவிட்டு, சேவை மறுபடி ஏற்றினால் அந்தப் பத்து நிமிடமும் திரும்பக் கையில் வந்துவிடும். பின்னால் போகாது என்று நான் மேலே சொன்ன கடிகாரம், இரண்டு விசை தெரிந்தவருக்குப் பின்னால் போயிற்று. கட்டளை வரியில் ஆட்டத்தின் பெயருக்குப் பின் 'மெகாஹிட்' என்று தட்டினால் ஏமாற்று வழிகளும் திறக்கும் என்பது தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர்களில் வாய்மொழியாகப் பரவிய ஞானம். இன்னும் நுட்பமான ஒன்று: எந்த ஏமாற்றும் இல்லாமலே ஷிஃப்டோடு எல் அழுத்தி நான்காம் லெவல் வரை தாவலாம், ஆனால் கடிகாரம் பதினைந்து நிமிடத்துக்கு இறங்கிவிடும். அவசரக்காரருக்கும் கதவு திறந்திருந்தது, வாசலில் கட்டணம் எழுதியிருந்தது. இவ்வளவு நேர்மையான எளிய நிலையை நான் பிற்காலத்து ஆட்டங்களில் அதிகம் கண்டதில்லை.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் ஓடியவை இரண்டு கடிகாரங்கள். சென்டரில் மணிக் கணக்கில் கட்டணம். ஜாபரின் கெடுவும் அதே ஒரு மணி நேரம். "தம்பி, டைம் ஆச்சு" என்று சென்டர்க்கார அண்ணன் குரல் கொடுக்கும்போது இளவரசன் ஏழாம் லெவலில் தொங்கிக்கொண்டிருப்பான். சேவ் கோப்பு ஒன்றே ஒன்றுதான். அடுத்து உட்கார்ந்த பையன் சேவ் செய்தால் நம்முடையது அழிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவனுடைய மூன்றாம் லெவல், நாற்பத்தொரு நிமிடம். நான் சேவை நம்பாத ஆட்டக்காரனாக வளர்ந்ததற்கு என் வீரம் காரணமில்லை, அந்தப் பையன்தான் காரணம்.

2003இல் யூபிசாஃப்ட் மான்ட்ரியால் செய்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்', கன்ட்ரோல் விசைகளில் ஒளிந்திருந்த அந்தத் திருப்பத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. கதையை இளவரசனே சொல்கிறான். செத்தால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று தன்னைத் திருத்திக்கொள்கிறான். கையிலுள்ள காலக் குத்துவாளின் மணல் இருக்கும்வரை நேரத்தைப் பின்னால் இழுக்கலாம். மணல் அளவானது என்பதால் இதை எந்தக் கட்சியும் குறை சொல்லவில்லை.

சோதனை 2008இல் வந்தது. அவ்வாண்டு வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில் இளவரசன் சாவதே இல்லை. பள்ளத்தில் விழுந்தால் உடன்வரும் எலிகா கை நீட்டிப் பிடித்து, கடைசியாகக் கால் ஊன்றிய மேடையில் விட்டுவிடுவாள். சண்டையில் அவள் காப்பாற்றினால் எதிரி இழந்த பலம் திரும்பிவிடும். சாவே இல்லாத ஆட்டத்தில் பயம் ஏது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஏற்றும் திரை, கேம் ஓவர் என்ற இடையூறுகள் ஒழிந்ததே என்று வேறு சிலர் மகிழ்ந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. கடைசி மேடைக்குத் திரும்புவதும், மேடைதோறும் செக்பாயிண்ட் வைத்த ஆட்டத்தில் செத்து எழுவதும் ஆட்டக்காரரின் நேரத்தில் ஒன்றேதான். 2010இல் வந்த 'சூப்பர் மீட் பாய்' இதைவிட வேகமாக உயிர்ப்பிக்கிறது. அதைக் கடினத்தின் சிகரம் என்று கொண்டாடினார்கள். வேறுபாடு எங்கே? 'சூப்பர் மீட் பாய்' நம் சாவுகளை மறைப்பதில்லை. ஒவ்வொரு சாவின் ரத்தக் கறையும் சுவரில் ஒட்டியிருக்கும். லெவல் முடிந்ததும் நம் முயற்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக் காட்டப்படும், ஐம்பது பேர் சாக ஒருவர் கரை சேர்வதுபோல. எலிகா நம் தோல்வியை நாகரிகமாகத் துடைத்துவிட்டாள். ஆட்டக்காரர் கேட்டது தண்டனை அன்று, பதிவு. அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் இது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும்: ஆட்டம் முழுதும் எலிகா நூறு முறைக்கும் குறைவாகக் காப்பாற்றும்படி ஆடி முடித்தால் ஒரு பதக்கம் வைத்திருந்தார்கள். முன்வாசலில் நிறுத்திய கணக்கப்பிள்ளையைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்ட கதை.

டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013இல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' நூலில், வாழ்வில் தோல்வியைத் தவிர்க்கும் நாம் தோற்பதற்கென்றே ஆட்டங்களைத் தேடிப் போகும் புதிரை முன்வைக்கிறார். அந்தப் புதிரோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோல்வி வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடில்லை. அதன் ரசீது யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. ஒரு சாரார் அதை நேரத்தில், உடலில், திரும்ப நடக்கும் வழியில் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். மற்றவர்களுக்குத் திரையில் ஓர் எண் போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம்.

எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று மறைக்க வேண்டியதில்லை. திரும்ப நடப்பதில் ஒரு பயன் உண்டு, செக்பாயிண்ட் அதைத் தருவதில்லை. செக்பாயிண்டில் எழுகிறவர் தடுமாறிய இடத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் படிக்கிறார். கடந்துவந்த இடம் அரைகுறையாகவே நின்றுவிடுகிறது. லெவலின் தொடக்கத்துக்குத் தள்ளப்பட்டவர் தெரிந்ததையும் மறுபடி படித்து, முழு லெவலையும் ஒரே மூச்சில் ஓடுகிற ஒன்றாக்கிக்கொள்கிறார். ஆனால் மாலையில் வேலை முடிந்து, பிள்ளை தூங்கிய பிறகு நாற்பது நிமிடம் கிடைக்கிறவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார், நியாயமாகவே. அவருடைய நாற்பது நிமிடமும் எங்கள் சென்டரின் ஒரு மணி நேரம் போன்ற கெடுதான். 2017இல் வந்த சிறு சூப்பர் நின்டெண்டோ கருவி பழைய ஆட்டங்களுக்கே பின்னிழுக்கும் வசதியைச் சேர்த்துத் தந்தது. அதே ஆட்டம், ஆடுகிறவர் கைப்பழக்கத்தைப் பொறுத்துப் பழையதாகவோ புதியதாகவோ ஆகிவிடுகிறது.

ஆகவே ரசனையை ஆராய்கிறவர்கள் எந்த ஆண்டின் ஆட்டம் பிடிக்கும் என்று கேட்டுப் பயனில்லை. எங்கே சேவ் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்கும் நேர்மையான பதில் எளிதில் கிடைக்காது, திரையும் துணைசெய்யாது. டாஸ் பதிப்பில் ஜாபரைக் கொன்று இளவரசியைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும், பக்கத்தில் மிச்சமிருந்த நேரத்தோடு. லெவலுக்கு லெவல் சேவை ஏற்றி நிமிடங்களை மீட்டவரும், ஒருமுறைகூட சேவ் செய்யாமல் மூன்று நிமிடம் மிச்சத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவரும் அதே பட்டியலில்தான் இருப்பார்கள். முன்னவர் பெயர் மேலே இருக்கும்.