மணல்மேட்டு வாகன ஓட்டம்

காற்றால் குவிந்த உலர்மணல் மேடுகளின் மீது நான்கு சக்கர இழுவை வண்டிகளை அணியாக ஓட்டிச் செல்லும் பொழுதுபோக்கும் பயிற்சியும் மணல்மேட்டு வாகன ஓட்டம் எனப்படும். அரபு வளைகுடா நாடுகளில் இது வார விடுமுறைக் கலை. அங்கே பிழைக்கப் போன கேரளத்தவரும் தமிழரும் மன்றங்களில் சேர்ந்து இதைக் கற்கின்றனர். எர்ணாகுளம் மாவட்டத்தில் இதற்கு உரிய நிலம் இல்லை. ஆயினும் அங்கிருந்து புறப்பட்டுப் போனவர்கள் வழியாக இந்தப் பழக்கம் மட்டாஞ்சேரி, ஆலுவா, பெரும்பாவூர் வீடுகளின் பேச்சுக்குள் வந்து நெடுநாளாயிற்று.

தோற்றம்

மணலில் மோட்டார் வண்டி ஓடாது என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பொதுநம்பிக்கை. முதல் உலகப் போரில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சனூசிப் படைகளை எதிர்க்கப் பிரித்தானியர் ஃபோர்டு மாடல் டி வண்டிகளைக் கொண்ட இலகுரகக் கார்க் காவல் அணிகளை அமைத்தனர். இவை பெரும்பாலும் சரளைத் தரையிலேயே ஓடின. மணற்கடலின் விளிம்பைத் தொட்டுத் திரும்பின. பிரெஞ்சுக்காரர் வேறு வழியில் போனார்கள். பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டை பூட்டிய சித்ரோயன் வண்டிகள் ஐந்து, 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துகூர்த்திலிருந்து கிளம்பி 1923 ஜனவரியில் திம்புக்துவை அடைந்தன. சகாராவை முதன்முதலில் கடந்த மோட்டார் வண்டிகள் இவையே. ஆனால் பட்டை வண்டி மெதுவானது, செலவு மிக்கது; தனியாள் வாங்கக்கூடியதன்று.

இன்றைய ஓட்டமுறையின் உண்மையான மூலவர் பிரித்தானியத் தரைப்படை அதிகாரி ரால்ஃப் ஆல்ஜர் பாக்னால்டு (1896–1990). எகிப்தில் பணியில் இருந்தபோது நண்பர்களுடன் விடுமுறை நாட்களில் சொந்தச் செலவில் ஃபோர்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு சினாய்க்கும் பின்னர் லிபியப் பாலைவனத்துக்கும் போனார். இடையில் இந்தியாவுக்கு மாற்றலாகி வந்த பின்னும் விடுப்பெடுத்துக்கொண்டு மீண்டும் மணலுக்கே போனார். 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளின் பயணங்கள் குறிப்பிடத்தக்கவை. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே கிடக்கும் பெருமணற்கடலை வண்டியால் கிழக்கு மேற்காகக் கடக்க முடியும் என்பது இவற்றில்தான் மெய்ப்பிக்கப்பட்டது.

அவர் கண்டடைந்த உத்திகள் எளியவை, அதனாலேயே நிலைத்தன. டயரில் காற்றைக் குறைத்தால் தடம் நீண்டு வண்டி மணல் மேல் மிதக்கும் என்பதைப் பழக்கமாக்கினார். கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியே பக்கவாட்டுத் தொட்டியில் குளிரவைத்து நீராக மீட்டார்; குடிக்க வைத்த தண்ணீர் எஞ்சினுக்குப் போவது இதனால் நின்றது. வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்புவதால், வட்டத்தகட்டில் நிழல் விழும் சூரியத் திசைகாட்டியைப் பொருத்தினார். புதைந்த சக்கரத்தின் முன்னே இடக் கெய்ரோப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஃகு வாய்க்கால் தகடுகளை வாங்கினார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரையிடச் செய்தவை அவை. இன்று வண்டியின் கூரையில் ஆரஞ்சு நிறத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் இவற்றின் நேர் வாரிசுகள். எதிரே நிற்கும் மணற்சுவரைக் கண்டு வேகம் குறைக்காமல், முன்னரே வேகம் சேர்த்து நேராக ஏறினால் வண்டி உச்சியில் நிற்கும் என்பதும் அவர் துணிந்து செய்து பார்த்ததே.

1930இல் நைல் கரையிலுள்ள வாடி ஹல்ஃபாவில், ஒரு கிரேக்கரின் மதுக்கடையில், இப்பயணிகள் தங்களுக்கு செர்சூரா மன்றம் என்று பெயர் வைத்துக்கொண்டனர். செர்சூரா என்பது பாலைவனத்தில் தொலைந்துபோனதாகக் கதைகள் கூறும் சோலைநகரம். தேடியது கிடைக்கவில்லை, மன்றம் கிடைத்தது. பாலைவன ஓட்ட மன்றங்களின் மரபை இங்கிருந்து தொடங்குவதே முறை.

1935இல் படையிலிருந்து ஓய்வு பெற்ற பாக்னால்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணல் எப்படி நகர்கிறது என்று ஆய்ந்தார். மணிகள் பெரும்பாலும் பறப்பதில்லை, துள்ளுகின்றன. துள்ளி விழும் மணி மற்றவற்றைத் தட்டி எழுப்புகிறது. காற்றின் உராய்வு வேகம் இரட்டித்தால் மணற்பெயர்ச்சி ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. காற்றடித்த மணல் பற்றிய அவரது இயற்பியல் நூல் 1941இல் வந்தது. செவ்வாய்க் கோளில் கேல் பள்ளத்திலுள்ள மேடுகளுக்கு அவர் பெயரே இடப்பட்டது. கியூரியாசிட்டி ஊர்தி 2015இன் இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தது.

1940 ஜூலையில் அவர் கெய்ரோவில் உருவாக்கிய நெடுந்தொலைவுப் பாலைவன அணி தொடக்கத்தில் நியூசிலாந்து வீரர்களைக் கொண்டிருந்தது. ஷெவர்லே சரக்கு வண்டிகளில் இத்தாலிய, ஜெர்மானிய அணிகளின் பின்புறம்வரை போய்வந்தது. பின்னர் இந்திய வீரர்களைக் கொண்ட தனிப்பிரிவொன்றும் அதனுடன் சேர்ந்து இயங்கியது. பஞ்சாபியரும் ஜாட்டுகளும் ராஜபுத்திரரும் மணலில் லாரி ஓட்டக் கற்றது இப்போரில்தான். தென்னாட்டவர் அதில் இடம்பெறவில்லை. அவர்கள் மணலுக்கு வந்தது எண்ணெய்க் காலத்தில்.

மேடுகளின் வகைகள்

தொடக்கநிலை ஓட்டுநருக்கு வண்டியை அறிவதைவிட மேட்டை அறிவதே முதன்மையானது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறைக்காக எட்வின் மக்கீ 1979இல் தொகுத்த உலக மணற்கடல்கள் பற்றிய ஆய்வு மேடுகளை வடிவத்தையும் சரிவுமுகங்களின் எண்ணிக்கையையும் கொண்டு பிரித்தது. இன்றும் அப்பிரிவே வழக்கிலுள்ளது.

பிறைமேடு, மணல் குறைவாகவும் காற்று ஒரே திசையிலும் உள்ள இடத்தில் உண்டாகும். காற்றை நோக்கிய முதுகு மென்சரிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். காற்றுக்கு மறைந்த முகம் மணல் சரிந்து விழுந்து ஆனது, தளர்ந்தது, 32 முதல் 34 பாகைவரை சாய்ந்தது. உலர்மணல் இதற்கு மேல் செங்குத்தாக நில்லாது. அபுதாபியின் லிவா சோலையை அடுத்த தல் மொரீப் 50 பாகைச் சரிவுடையது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை இதை வைத்தே தள்ளிவிடலாம். ஆயினும் ஆண்டுதோறும் அதன் மீது வண்டிகள் ஏற்றப் போட்டி நடத்தும் அளவுக்கு அது பெரியதுதான். பிறையின் கொம்புகள் காற்றுப் போகும் திசையை நோக்கும். அமீரகத்தில் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று வலுவானதால், வடமேற்கிலிருந்து தென்கிழக்கே ஓட்டுபவர் மென்முதுகில் ஏறிச் செங்குத்தில் இறங்குவார். திரும்பும்போது அதே மேடுகள் சுவராக நிற்கும். புதியவர்கள் திரும்பும்போதுதான் அதிகம் புதைகிறார்கள் என்று மன்றத்தார் சொல்வதில் களைப்புக்கு உள்ள பங்கு இத்திசைக்கும் உண்டு.

குறுக்குமேடு பிறைமேடுகள் கைகோத்து நீண்ட அலைவரிசையாவது. நெடுமேடு இரு திசைக் காற்றுகளின் இழுபறியில் கிலோமீட்டர்க் கணக்கில் நீள்வது. ஓமானின் வஹீபா மணற்பரப்பு இவ்வகை. அங்கே வடக்கு தெற்காக மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் கார் ஓட்டுவது எளிது. கிழக்கு மேற்காக ஒவ்வொரு மேட்டையும் தாண்டுவது பாக்னால்டு பெருமணற்கடலில் செய்ததைப் போன்ற வேலை. நட்சத்திரமேடு பல திசைக் காற்றில் உயர்ந்து பல கைகள் விரிப்பது. இதன் அடியில் கிண்ணம்போல் குழிகள் இருக்கும். உள்ளே இறங்கிய வண்டி வட்டமடித்து வேகம் சேர்த்தாலன்றி வெளியே வராது. தொடக்கநிலையினரை இங்கே கூட்டிப் போவதில்லை.

வளைமேடு பிறைமேட்டின் தலைகீழ். செடிகொடி கொம்புகளைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னே நகர்வதால் கொம்புகள் காற்று வரும் திசையை நோக்கும். இந்தியாவின் தார்ப் பாலைவனத்தில் மிகுந்திருப்பது இதுவே. ஜெய்சல்மேரை அடுத்த சாம் மணல்மேடுகளில் ஒட்டகத்துடன் ஜீப்பும் சுற்றுலாவுக்கு ஓடுகிறது. அமீரகத்தில் பழகியவர் தாரில் ஓட்டினால் கைக்குத் திசை மாறிப்போகும்.

மேடல்லாத ஒரு வகையையும் சொல்ல வேண்டும். சப்கா எனப்படும் உப்புப்படுகை மேலே உலர்ந்த தட்டையான ஓடு, கீழே சேறு. லிவாவின் மேடுகளுக்கு நடுவே இது கிடக்கிறது. மணலில் புதைந்த வண்டியைப் பத்து நிமிடத்தில் எடுக்கலாம். சப்காவில் அமிழ்ந்ததை எடுக்க நாள் முழுதும் ஆகலாம். குஜராத்தின் கச்சுப் பாலையும் இவ்வினத்ததே.  

தமிழ்நாட்டின் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத் தேரிகளும் காற்றால் குவிந்த மேடுகளே. இரும்பு ஆக்சைடு மணிகளைப் பூசியிருப்பதால் சிவந்தவை. குதிரைமொழி, சாத்தான்குளம் தேரிகளில் நுண்கற்காலக் கருவிகள் கிடைத்ததை ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் வெளியிட்டனர். பனையும் உடைமரமும் பிடித்த இம்மேடுகள் ஓட்டத்துக்கு உரியவை அல்ல. குதிரைமொழி காப்புக்காடும் ஆகும்.

கூட்டாக ஓட்டும் முறை

தனி வண்டி மணலுக்குள் போவதில்லை என்பதே முதல் விதி. அமீரக மன்றங்களில் புதிதாகச் சேர்பவர் ‘நியூபீ’, சில ஓட்டங்கள் முடித்தவர் ‘ஃபியூபீ’. அதற்கு மேல் இடைநிலை, உயர்நிலை. முன்னே வழிகாட்டி, கடைசியில் ‘ஸ்வீப்’ என்னும் வால்வண்டி, நடுவே பழகியவரும் புதியவரும் மாறி மாறி. வண்டிதோறும் வாக்கி டாக்கி. மேட்டுக்கு அப்பால் இருப்பவர் கண்ணில் பட உயரக் கம்பத்தில் கொடி.

தார்ச்சாலை முடியும் இடத்தில் அணி நின்று டயர்க் காற்றை இறக்கும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தவர் 15க்குக் கொண்டுவருவார். புதைந்தால் இன்னும் இறக்குவார். காற்று இறங்கும்போது தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் கூடுகிறது. எனவே அகல டயருக்குப் பணம் செலவழிப்பது வீண். குறைந்த காற்றில் வண்டியை வெடுக்கென்று திருப்பினால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். இதை ‘பாப் அவுட்’ என்பர். தானியங்கிக் கியரே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. கியர் மாற்றும் நொடியில் மணல் வேகத்தைத் தின்றுவிடுகிறது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு வேண்டிய நேரத்தில் எஞ்சின் விசையைக் குறைத்துவிடும் என்பதால் அதை அணைத்துவிடுவார்கள்.

ஏற்றத்தில் நேராக ஏறி, உச்சிக்குச் சற்று முன்னே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். எடுக்காதவர் மறுபுறம் பறப்பார். முன்கூட்டியே எடுத்தவர் உச்சியில் வயிறு தட்டி ஊஞ்சலாடுவார். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைச் சொல்லித் தர இயலாது. முன்வண்டி போவதைப் பார்த்துப் பார்த்தே வரும். ஏற முடியாமல் நின்றால் திருப்பக் கூடாது. வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்க வேண்டும். சரிவுமுகத்தில் குறுக்காகப் போனால் வண்டி உருளும். சறுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கைக் கீழ்நோக்கித் திருப்பி, பிரேக் தொடாமல் இறங்குவதே தப்பும் வழி. மனம் சொல்வது இதற்கு நேர் எதிர். நிறுத்தும்போது வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்வண்டி மேட்டைத் தாண்டி ‘கிளியர்’ என்று சொல்லாதவரை அடுத்தது ஏறக் கூடாது.

புதைந்தவர் முதலில் செய்ய வேண்டியது சக்கரம் சுழற்றுவதை நிறுத்துவது. பிறகு மண்வாரி, பிறகு காற்று, இவற்றால் ஆகாதபோது இழுகயிறு. நீண்டு சுருங்கும் நைலான் கயிற்றை உரிய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டி அது பிய்ந்து தெறித்து உயிர்போன நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு.

நேரமும் முக்கியம். பனி இறங்கிய காலைமணல் இறுகியிருக்கும். நண்பகலில் அது தளர்வதோடு, நிழலில்லாத வெளிச்சத்தில் மேடுபள்ளம் கண்ணுக்கே தெரியாது. எனவே அணிகள் விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் முடிக்கின்றன. கோடையில் பிற்பகல் கழிந்தபின் போய் இரவில் திரும்புகின்றன.

எர்ணாகுளமும் அண்டை இடங்களும்

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் எர்ணாகுளக் கரையில் மணல் உலர்ந்து நகர வாய்ப்பில்லை. வைப்பின் தீவின் செராய்க் கடற்கரை உட்பட எங்கும் தென்னையும் புல்லும் மணலைப் பிடித்துள்ளன. கேரளத்தில் மணலில் கார் ஓட்ட விரும்புவோர் வடக்கே தலைச்சேரிக்கும் கண்ணூருக்கும் இடையிலுள்ள முழப்பிலங்காட்டுக்குப் போகின்றனர். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் அக்கரையில் நுண்மணலும் ஈரமும் சேர்ந்து தரை கெட்டிப்பட்டிருப்பதால் சாதாரணக் காரே ஓடும். அதனாலேயே அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கொச்சி ஜீப்பு ஆர்வலர்கள் மலைச்சேற்றையே நாடுகின்றனர். வாகமனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2022 மே மாதம் நடந்த ஓட்டம் மோட்டார் வாகனத் துறையின் நடவடிக்கையில் முடிந்தபின் இடுக்கி மாவட்ட ஓட்டங்களுக்கான அனுமதி பற்றிய பேச்சு வலுத்தது. தோட்டமண்ணைப் பற்றிய கவலை அங்கே நியாயமானது. மாறாக, நகரும் மணலில் தடம் ஒரு காற்றில் அழிந்துவிடும், செடியுள்ள மேடுகளை விலக்கி ஓட்டினால் போதும்.

போட்டி மணலில் கேரளத்தின் பெயரை எழுதியவர் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா. மோட்டார் சைக்கிளில் டக்கார் பந்தயத்தில் 2021இல் மொத்தத்தில் 20ஆவதாக வந்தார். 2024இல் சவூதி அரேபியாவில் ‘ராலி 2’ பிரிவை வென்று மொத்தத்தில் 11ஆம் இடம் பெற்றார். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனமும் பிரான்சின் ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணிக்காக அவர் ஓட்டினார். அப்பந்தயத்தில் முதலில் கலந்துகொண்ட இந்தியர் பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ் (2015).

இன்றைய நிலை: துபாய், ஷார்ஜா, அபுதாபி மன்றங்களில் மலையாளிகளும் தமிழரும் உறுப்பினராகவும் வழிகாட்டிகளாகவும் உள்ளனர்; வாட்ஸாப்பில் ஓட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. ஊர் திரும்பியவர்களுக்குக் கேரளத்தில் இதைத் தொடர இடமில்லை.