ஏழு நிமிடப் பயணம்

1988 ஜூலை 3. ஈரானின் பந்தர் அப்பாஸ் நகரிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655 விமானம், மேலெழுந்த ஏழாவது நிமிடத்தில் ஏவுகணை தாக்கிப் பாரசீக வளைகுடாவில் விழுந்தது. 66 குழந்தைகள் உட்பட அதிலிருந்த 290 பேரும் இறந்தார்கள். சுட்டது அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ். எஃப்-14 போர்விமானம் தாக்க வருவதாக நினைத்துத் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது அமெரிக்கா.

இந்த விளக்கத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. அந்தக் கப்பல் அப்போது ஈரானின் விசைப்படகுகளோடு மோதிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டுதான் இராக்கிய ஏவுகணைக்கு ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் 37 மாலுமிகள் பலியாகியிருந்தார்கள். அந்த அச்சம் உண்மையானது. ஆனால், விமானம் தாழ்ந்து பாய்வதாக மாலுமிகள் சொன்ன நேரத்தில், அது மேலே ஏறிக்கொண்டிருந்ததையே கப்பலின் கணினிப் பதிவு காட்டியது. விமானம் தனக்குரிய வான்பாதையில்தான் பறந்தது. எச்சரிக்கைகளுக்கு விமானி பதில் தரவில்லை என்ற வாதமும் நிற்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை பயணிகள் விமானத்துக்குக் கேட்காத ராணுவ அலைவரிசையில் போனவை. கப்பல் நின்றதோ ஈரானின் கடல் எல்லைக்குள். தவறு எப்படி நேர்ந்தது என்பதை அச்சம் விளக்குகிறது. பொறுப்பிலிருந்து அது விடுவிக்காது.

பொறுப்பை ஏற்காததன் விலை அரசுறவில் தெரிந்தது. அப்போது நடந்துகொண்டிருந்த ஈரான்-இராக் போரில் அமெரிக்கா நேரடியாக இறங்கிவிட்டது என்ற எண்ணம் டெஹ்ரானில் வலுத்தது. இரண்டே வாரத்தில் ஈரான் போர்நிறுத்தத்தை ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1989இல் ஈரான் சர்வதேச நீதிமன்றம் சென்றது. 1996இல் அமெரிக்கா 13.18 கோடி டாலர் தரச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. சட்டப்பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. இடையில் கப்பலின் தலைவருக்கு அவரது பணிக்காலத்துக்காக விருதும் கிடைத்தது. பணம் கொடுத்தாயிற்றே, பிறகென்ன என்று கேட்கலாம். வழக்கு முடிந்தது, வேண்டுமென்றே சுட்டார்கள் என்ற ஈரானியர்களின் நம்பிக்கை முடியவில்லை.

அந்த வலியை அறிந்த ஈரானே 2020 ஜனவரி 8 அன்று, வான்வெளியை மூடாமல் விட்டு, டெஹ்ரான் அருகே உக்ரைன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 176 பேர். உண்மையை ஒப்புக்கொள்ள மூன்று நாள் எடுத்துக்கொண்டது. 2023இல் கனடா, பிரிட்டன், ஸ்வீடன், உக்ரைன் நான்கும் ஈரானை அதே நீதிமன்றத்தில் நிறுத்தின. பயணிகள் விமானத்தை வீழ்த்திய அரசு முதலில் தரவேண்டியது முழு உண்மை. இழப்பீடு அதன் பிறகுதான். அந்த வரிசையை வாஷிங்டனும் காக்கவில்லை, டெஹ்ரானும் காக்கவில்லை.