தலையெழுத்தும் கையெழுத்தும்

மன்னனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. மண் சுமந்தவனுக்கு என்ன உண்டு?

என் பூட்டனாரின் பாட்டனாரைப் பற்றி எங்கள் இல்லத்தில் எஞ்சியிருப்பது ஒரே பேச்சு: "தாது வருடப் பஞ்சத்திலே பட்டணத்துக்குக் கால்வாய் வெட்டப் போனார், திரும்பவில்லை, தலையெழுத்து!" பெயர்கூட மறந்துபோயிற்று.

அந்தப் பேச்சின் அருகே ஆண்டுகளை வைத்துப் பாருங்கள், தோழர்களே! 1876இல் மழை பொய்த்தது. 1877 சனவரி முதல் நாள், லிட்டன் பிரபு டில்லியிலே தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என அறிவித்தார். அதே ஆண்டில், பஞ்சப்பணி செய்வோனின் நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். உயிர் தாங்க அது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். துறைமுகங்களிலோ தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது! பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல்.

மழை பொய்த்தது இயற்கை. கூலியைக் குறைத்தது யார்? ஆணையில் விழுந்த கையெழுத்தன்றோ! அதைத்தான் தலையெழுத்து என்று நம்பினோம்.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் 1877-78இல் பஞ்சப்பணியாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காமின் பெயர் அதற்கு நிலைத்தது. வெட்டியவர் பெயர் மண்ணோடு போயிற்று.

மாணவர்களிடம் நான் கூறுவதையே உங்களிடமும் கூறுகிறேன். உங்கள் வீட்டிலும் 'விதி' என்று முடியும் கதையொன்று இருக்கும். அதன் அருகே ஆண்டை எழுதுங்கள், ஆணையிட்டவனைத் தேடுங்கள். விதி உதிரும், வரலாறு விளங்கும்!