சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு திருக்கதலீச்சுரம்

சீன தேசப் படத்தை விரித்து அதன் தென்கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். தைவான் தீவுக்கு நேர் எதிரே, கரை முழுவதும் எலி கடித்த துணி போலக் காணப்படும் மாகாணம் ஃபுஜியான். பரப்பளவு சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டை விடச் சற்றுக் குறைவு. ஆனால் தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றால், ஃபுஜியானுடையது 3,000 கிலோமீட்டரையும் தாண்டும். குடாவும் வளைவும் அவ்வளவு. மேற்கே ஊயி மலைத்தொடர் சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. பத்தில் எட்டுப் பங்கு மலையும் குன்றும், ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒரு பங்குதான் வயல் என்று அந்த ஊர்க்காரர்களே கணக்குச் சொல்வார்கள். உழ நிலமில்லாதவன் எங்கே போவான்? கடலுக்குத்தான் போவான். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர்களாக இருந்த 'ஹொக்கியன்' சீனர்கள் இந்த மாகாணத்தார். ஹொக்கியன் என்பதே ஃபுஜியான் என்ற பெயரின் அவ்வூர் உச்சரிப்பு.

நாம் காலையில் குடிக்கும் தேநீருக்கும் இவர்களிடம்தான் பெயர் வாங்கினோம். சீனத்தின் பெரும்பகுதியில் 'சா' என்பதை ஃபுஜியான் தென்கரையில் 'தே' என்பார்கள். அங்கே கப்பல் ஏறிய தேயிலை மலாய்க்காரர், டச்சுக்காரர் வழியாக அந்தப் பெயரோடு உலகம் சுற்றியது. தமிழில் 'தே'யோடு இலை சேர்ந்து தேயிலை ஆயிற்று. மற்ற வழியில் போனது 'சாய்' ஆயிற்று. கன்னடத்தில் 'சஹா' என்கிறோம். பெங்களூரில் ஒரே மேசையில் இரண்டு வழியும் சந்திக்கின்றன.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். தரகுப்பேட்டையில் பட்டை, லவங்கம், அன்னாசிப்பூ வியாபாரம். மத்தியானம் வெயிலில் கடைத்தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு. 2012இல் குவாங்சௌ சந்தைக்குச் சரக்கு பார்க்கப் போனபோது, கூட வந்த நண்பர்கள் ஷாங்காய்க்குப் புறப்பட்டார்கள். நான் மட்டும் இரவுப் பேருந்து பிடித்து சியாமென் போய், அங்கிருந்து சுவான்சௌ போனேன். கையில் ஒரு முழு நாள்தான் இருந்தது.

சுவான்சௌ என்ற இந்த ஊரைத்தான் அரேபியர் 'சைத்தூன்' என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அந்தப் பெயராலேயே குறிப்பிட்டு, உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று என்றார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சீத்தோங்' மரத்தால் வந்த பெயர் அது. அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் வேலிகளில் வெற்றிலைக் கொடி ஏற்றும் கல்யாண முருங்கைதான். 1087இல் சோங் அரசு இங்கே கடல் வாணிபத்துக்கென்று ஒரு சுங்க அலுவலகம் திறந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1077இல், சோழநாட்டுத் தூதுக்குழு ஒன்று சீன அரசவைக்குப் போயிருந்தது. 1015லும் 1033லும் முன்னமே இரண்டு குழுக்கள் போய் வந்திருந்தன.

1974இல் சுவான்சௌவின் ஹௌசூ துறையில் சேற்றிலிருந்து ஒரு கப்பலை எடுத்தார்கள். 1270களில் மூழ்கியதாகக் கருதப்படும் மரக்கப்பல் அது. மிஞ்சிய நீளம் சுமார் 24 மீட்டர், உள்ளே 13 அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை காப்பாற்றும் ஏற்பாடு. வாசனைக் கட்டைகள் மட்டும் 2,000 கிலோவுக்கு மேல் கிடைத்தன. கூடவே மிளகு, கொட்டைப்பாக்கு, குந்துருக்கம், சோழி. இதையெல்லாம் விட என்னை நிறுத்தி வைத்தவை, சரக்கு இன்னாருடையது என்று எழுதிக் கட்டிய 96 மரச் சீட்டுகள். ஒரே கப்பலில் பலர் சரக்கு ஏற்றியிருக்கிறார்கள்; கலந்துவிடக் கூடாதே என்று அடையாளம். இன்றைக்கும் லாரியில் மூட்டை ஏற்றினால் சணல் ஊசி குத்தித் துணியில் 'மார்க்கு' எழுதுகிறோம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கணக்குப்பிள்ளையின் கவலை எனக்கு அப்படியே புரிந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1956இல் இந்த ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. தமிழ் எழுத்து, தமிழ் மொழி. கடைசியில் ஒரு வரி மட்டும் சீனம். இன்று அது சியாமென் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281 ஏப்ரல். செகசை கானின் உடல் நலத்துக்காக, அந்தக் கானின் பர்மான்படி, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தவர் தவச்சக்கரவர்த்திகள் எனப்படும் சம்பந்தப் பெருமாள் என்பது செய்தி. செகசை கான் என்பது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானையே குறிக்கும் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து.

எவ்வளவு கச்சிதமான வியாபார மூளை பாருங்கள்! சோங் அரசின் தலைநகரம் வீழ்ந்தது 1276இல். சுவான்சௌவின் கடல் வாணிப அதிகாரி பூ ஷௌகெங் உடனே மங்கோலியர் பக்கம் சாய்ந்துவிட்டார். ஆட்சி மாறி ஐந்தே வருஷம். தமிழ் வணிகர் தம் சுவாமியை அரசாணை வாங்கிப் பிரதிஷ்டை செய்து, புதிய அரசன் நலம் வேண்டிக் கல்லும் வெட்டிவிட்டார்கள். நம் ஊர்க் கல்வெட்டுகளில் அரசன் திருமேனி நன்றாக இருக்க விளக்கு வைப்பார்கள் அல்லவா, அதே மரபு. அரசன் மட்டும் மங்கோலியன். ஆணை என்பதற்கு 'பர்மான்' என்ற பாரசீகச் சொல் தமிழ்க் கல்லில் வருகிறது. துறைமுகத்து அலுவலகப் பேச்சில் எந்தச் சொல் புழங்கியதோ அதையே எழுதினார்கள். நாம் 'தாலுக்கா ஆபீஸ்' என்று எழுதவில்லையா?

இதே 1281ஆம் வருஷத் தொடக்கத்தில்தான் குப்ளாயின் தூதர் யாங் திங்பி இதே சுவான்சௌவிலிருந்து கொல்லத்துக்குக் கப்பல் ஏறினார். மூன்று மாதம் கடலில் அலைந்து இலங்கையை அடைந்து, காற்றும் கிடைக்காமல் உணவும் குறைந்து, 'மாபார்' எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகரன் காலம். தூதர் நம் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே நம்மவர் கும்பாபிஷேகம் செய்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நான் தமிழ்ச் சமணன். எங்களை ஊர்ப்பக்கம் 'நயினார்' என்பார்கள். சக்கரவர்த்தி என்ற பெயரும் எங்கள் வீடுகளில் உண்டு. கல்வெட்டில் 'நாயனார்', 'சக்கரவர்த்திகள்' இரண்டையும் பார்த்ததும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த சொல்லே அடக்கிவிட்டது: சம்பந்தப் பெருமாள்! சமண வீட்டில் சம்பந்தர் பெயரை ஏன் வைக்க மாட்டார்கள் என்பது பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும். நாயனார் என்பது அங்கே சிவபெருமான்தான், கோயில் சிவாலயம்தான். இதில் நமக்குப் பங்கு கேட்க வழியில்லை.

இரண்டாவது தடவையும் ஏமாந்தேன். சுவான்சௌவில் கையுவான் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது; 686இல் தோன்றியது. பெரிய அரச மரங்கள், 13ஆம் நூற்றாண்டில் கல்லாலேயே கட்டிய இரட்டைக் கோபுரங்கள். நடுவிலுள்ள பிரதான மண்டபத்தைக் காட்டி, ஆங்கிலம் தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் "மகாவீரா ஹால்" என்றான். எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்புறம் கேட்டுப் புரிந்துகொண்டேன்: 'மாவீரர்' என்பது அங்கே புத்தருக்கு வழங்கும் அடைமொழி, சீன தேசம் முழுக்கப் பௌத்த ஆலயங்களில் பிரதான மண்டபத்துக்கு அதுதான் பெயர். நான் அன்று கேட்காமல் திரும்பியிருந்தால் இந்த மலரில் 'சீனத்தில் சமணம்' என்று ஒரு கட்டுரை வந்திருக்கும். நமது விழா மேடைகளில் சீனத்தைத் தமிழன் ஆண்டான் என்கிற அளவுக்குப் பேசக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். கூட ஒரு கேள்வி கேட்காதவர்கள், அவ்வளவுதான்.

அந்த மண்டபத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். பதினாறு பட்டையில் இரண்டு கல்தூண்கள். வட்டங்களுக்குள் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானைக்கு அருள வரும் திருமால், மருத மரங்களை இழுத்துச் சாய்க்கும் கண்ணன், ஆடை கவர்ந்து மரத்தில் ஏறிய கண்ணன். முன்மேடையின் அடிப்பகுதியில் எழுபதுக்கு மேற்பட்ட சிங்க உடல் மனித முகச் சிற்பங்கள். இடிந்த இந்துக் கோயிலின் கற்களை மிங் காலத்தில் திருப்பணி செய்தபோது இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊரின் கடல் வாணிப அருங்காட்சியகத்தில் இலிங்கத்துக்குப் பூ வைக்கும் யானையும் உண்டு. கல் அந்த ஊர்க் கல். செதுக்கியவர்களில் சீனச் சிற்பிகளும் இருந்திருக்க வேண்டும் என்பது ஜான் கை போன்ற ஆய்வாளர் துணிபு. தூணின் வடிவத்தைத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் சொல்லிக் கொடுக்க, அவர்கள் கைப்பழக்கத்தில் பூவும் மேகமும் சேர்ந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சீனத்துப் பௌத்தத் துறவிகள் சைவ உணவுக்காரர்கள். சியாமெனில் நான்புதுவோ ஆலயத்துச் சாப்பாடு அமிர்தம். பொழுது சாயுமுன் முடிக்க வேண்டியது மட்டும் என் கவலை. ஊருக்கு வெளியே 1059இல் கட்டி முடித்த லோயாங் கல்பாலம் இருக்கிறது. கற்களை இறுக்கிப் பிடிக்க அடித்தளத்தில் உயிருள்ள சிப்பிகளை வளர்த்தார்களாம். ஆயிரம் வருஷமாகப் பாலம் நிற்கிறது. சமணனால் முழு மனசோடு பாராட்ட முடியாத கெட்டிக்காரத்தனம்.

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் எல்லாம் முடிந்தது. 1357 முதல் சுமார் பத்தாண்டு இந்த ஊர்ப் படைக்கலகத்தில் மூழ்கியது. கடைசியில் அயல்நாட்டார் மேல் பழி விழுந்து பலர் கொல்லப்பட்டனர். பின்வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிபத்தையே தடை செய்தது. கோயில் கற்கள் நகரச் சுவருக்கும் வீடுகளுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சுவரை இடித்தபோது கற்கள் மறுபடி வெளியே வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர் ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். 1957இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2021இல் சுவான்சௌவின் 22 இடங்கள் உலக மரபுச் சின்னமாயின. கையுவான் ஆலயமும் அவற்றில் ஒன்று.

சுவான்சௌவுக்கு அருகே சேதியான் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சிறு கோயிலில் நான்கு கையோடு, காலடியில் அசுரன் கிடக்க, ஒரு அம்மன் இருக்கிறாள். கிராமத்தார் அவளைக் குவான்யின் என்ற பௌத்த தேவியாகவே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நேரமின்மையால் அங்கே நான் போகவில்லை. 2013இல் நம் நாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்தேன். பார்த்ததும் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. ஏரிக்கரை வரப்பில் ஒரு தீர்த்தங்கரர் சிலை பாதி புதைந்து கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு அவர் முனீஸ்வரன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் காப்பு, குங்குமம். சின்ன வயசில் நான் கோபப்பட்டு அப்பாவிடம், "நம்ம சாமின்னு சொல்லி எடுத்துக்கிட்டு வந்துடலாம்ப்பா" என்றேன். அப்பா, "எடுத்தா யாருடா தினம் எண்ணெய் ஊத்துவா? நீ பெங்களூர் போயிடுவே" என்றார். அப்படியே ஆயிற்று. நான் வந்து நாற்பது வருஷமாகிறது. சிலை இன்னும் பளபளவென்று இருக்கிறது.

சரி, சுவான்சௌ கோயிலைக் கட்டிய வணிகர் எந்தக் குழுவினர்? கல்வெட்டில் குழுவின் பெயர் இல்லை. ஆனால் கீழ்க்கடல் வாணிபத்தில் பெரிய பெயர் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்'. சுமத்திராவில் பரூஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவர்களுடையது. இந்த ஐந்நூற்றுவரின் தாயகம் எது தெரியுமா? நம் கர்நாடகத்து ஐஹொளே. 634இல் எழுந்த மேகுடி சமணக் கோயில் இருக்கும் அதே ஊர். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசியவர்களும் சைவரும் வைணவரும் சமணரும் ஒரே குழுவில் இருந்து சரக்குப் பிடித்தார்கள். அவர்கள் கூட்டங்களில் என்ன மொழியில் பேரம் நடந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் தரகுப்பேட்டையில் நடக்கிறாற்போலத்தான் நடந்திருக்கும்: தொகை ஒரு மொழியில், வசவு ஒரு மொழியில்.

பெங்களூரிலேயே தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போங்கள். 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவரில் உள்ளன. ஊரின் பெயர் தொம்பலூர் ஆன தேசிமாணிக்கப் பட்டணம் என்று வருகிறது. 'தேசி', 'பட்டணம்' இரண்டுமே வணிகரோடு ஒட்டிய சொற்கள். சுவான்சௌவில் சம்பந்தப் பெருமாள் கல் வெட்டிய அதே தலைமுறையில் இங்கேயும் தமிழில் கல் வெட்டினார்கள். போன தீபாவளி விடுமுறையில் என் பேரனை அழைத்துப் போனேன். பள்ளியில் அவனுக்குக் கன்னடமும் இந்தியும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. சுவரில் விரலை வைத்து 'ப', 'ட', 'ம' மூன்று எழுத்தைக் கண்டுபிடித்தான். நாலாவதாக ஒன்றைக் காட்டி இது என்ன தாத்தா என்றான். சுண்ணாம்பு பூசி மங்கிப்போயிருந்தது. எனக்கும் உடனே தெரியவில்லை. கர்ப்பூரம் காட்டி அர்ச்சகர் மணியடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டார்ச் விளக்கோடு வருவதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.