அரிசி மணியும் விளம்பரப் பதாகையும்: கொடை விளையாட்டுகளின் பொருளியல்

விளையாடினால் ஏழைகளுக்குக் கொடை போகும் என்று உறுதியளிக்கும் இணைய விளையாட்டுகளில் பலரும் அறிந்தது ஃப்ரீரைஸ். திரையில் ஓர் ஆங்கிலச் சொல் வரும். அதன்கீழ் நான்கு பொருள்கள் இருக்கும். தொடக்கத்தில், சரியானதைத் தேர்ந்தால் மரக்கிண்ணத்தில் பத்து அரிசி மணிகள் சேர்ந்தன. அவ்வளவு அரிசி பசித்தவருக்குப் போய்ச்சேரும் என்பது வாக்குறுதி. இந்தக் கொடையில் ஆடுபவரின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆடுபவர் கொடுப்பது தம் கவனத்தை மட்டுமே. அது கூடுதல் அரிசியாக மாறுமா என்பதை விளையாட்டின் பின்னுள்ள ஒப்பந்தமே முடிவுசெய்கிறது என்பது இதன் வாதம்.

தோற்றம்

அமெரிக்கக் கணினி நிரலர் ஜான் பிரீன் 1999இல் ஹங்கர் சைட் என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். அங்கே விளையாட்டு இல்லை. வருபவர் ஒரு பொத்தானை அழுத்துவார். விளம்பரதாரர்கள் உணவுக்கான பணத்தைத் தருவார்கள். ஒருவர் ஒரு நாளில் ஒருமுறைதான் அழுத்தலாம். அத்தளத்தைக் கைமாற்றிய பிரீன், 2007 அக்டோபர் 7 அன்று ஃப்ரீரைஸை வெளியிட்டார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த மகனின் சொல்வளத்தைப் பெருக்க எழுதிய நிரலே அதற்கு வித்து. முதல் நாளில் சேர்ந்தவை 830 மணிகள். 2009இல் அவர் இத்தளத்தை ஐ.நா. உலக உணவுத் திட்டத்துக்கே வழங்கிவிட்டார். பின்னர் பெருக்கல் வாய்ப்பாடு, வேதிக் குறியீடுகள், நாட்டுத் தலைநகரங்கள் எனப் பாடங்கள் விரிந்தன.

வருவாய் வழி

இரு தளங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒருவர் எத்தனை முறை பங்கேற்கலாம் என்பதில் இருக்கிறது. பொத்தானை நாளுக்கு ஒருமுறை அழுத்தியதும் வேலை முடிந்துவிடும். ஃப்ரீரைஸின் கேள்விகளுக்கோ முடிவில்லை. ஒவ்வொரு கேள்வியோடும் அடியில் ஒரு விளம்பரப் பதாகை வந்தது. அதிலிருந்து கிடைத்த பணத்தில்தான் அரிசி வாங்கப்பட்டது. தொடக்க காலத்தில் ஒரு பகுதி அரிசி வங்காளதேசத்திலேயே வாங்கப்பட்டு, மியான்மரிலிருந்து அங்கு வந்திருந்த அகதிகளுக்குத் தரப்பட்டது.

விளம்பரதாரர் விலைகொடுப்பது பதாகையைப் பார்க்கும் கண்களுக்குத்தான். சொல்லின் பொருள் தெரிந்ததற்கு அவர் எதுவும் தருவதில்லை. சரியான விடைக்கே அரிசி என்ற விதி, படிக்கத் தூண்டுவதற்காக அதன்மேல் ஏற்றப்பட்டது. கேள்விகளுக்குத் தாமாகவே விடையளிக்கும் நிரல்களைச் சிலர் எழுதியபோது இது வெளிப்பட்டது. நிரல் விடையளித்தால் கிண்ணத்தில் மணிகள் ஏறும். பதாகையைப் பார்க்க ஆள் இருக்காது. ஆளில்லாத பார்வைக்குப் பணம் தர விளம்பரதாரருக்குக் காரணமில்லை.

அளவு

அரிசி மணி என்னும் அலகு, கொடையின் உண்மை அளவை மறைக்கிறது. ஒரு கிலோவில் சுமார் 50,000 மணிகள் இருக்கும். கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் பத்து மணிகளின் விலை ஒரு பைசா. விடைக்குப் பத்து மணிகள் என்ற கணக்கில், ஒருவரின் ஒரு நாள் பங்கீடாக 400 கிராம் அரிசி சேர 2,000 சரியான விடைகள் வேண்டும். விடைக்கு ஐந்து விநாடி என்றாலும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதில் கிடைப்பது 20 ரூபாய் அரிசி. அந்த நேரத்துக்குரிய கூலியை நேரடியாகக் கொடுத்தால் பன்மடங்கு உணவு கிடைக்கும்.

மொத்தக் கணக்கும் இப்படித்தான். தளம் காட்டும் கூட்டுத்தொகை 10,000 கோடி மணிகளைத் தாண்டியது. எடையில் பார்த்தால் 10,000 கோடி மணிகள் சுமார் 2,000 டன். உலக உணவுத் திட்டம் ஆண்டுதோறும் கையாளும் உணவோ பத்து இலட்சக்கணக்கான டன். ஆனாலும் 2,000 டன் அரிசி என்பது 50 இலட்சம் ஒருநாள் பங்கீடு. அதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது.

கூடுதல் பயன்

அடுத்த விடையால் கொடை கூடுமா என்பதே மையக் கேள்வி. பதாகை தோன்றும் எண்ணிக்கைக்கேற்பப் பணம் வரும் முறையில், ஒவ்வோர் ஆட்டமும் சிறிதளவு கூட்டும். புரவலர் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி உச்சவரம்பு வைத்திருந்தால் நிலைமை வேறு. ஆட்டம் அந்த வரம்பைத் தொட்டபின் கிண்ணம் நிரம்பலாம், கொடை நிரம்பாது. ஆட்டம் வரம்பைத் தொடாவிட்டாலும் முழுத் தொகையும் தரப்படும் என்றால், ஆடுவதால் எதுவும் மாறுவதில்லை. திரையில் இம்மூன்றும் ஒரேபோலத் தோன்றும்.

ஆடுபவரே பணம் செலுத்தும் முறையில் இந்த ஐயம் குறைவு. ஃபார்ம்வில் விளையாட்டில் 2009இல் ஹெய்ட்டிக்காகச் சிறப்பு விதைகள் விற்கப்பட்டு, வருவாயில் பாதி கொடையாகும் என அறிவிக்கப்பட்டது. இங்கே கேள்வி பங்கீட்டுக்கு நகர்கிறது. 2010இல் தொடங்கிய ஹம்பிள் பண்டில், விளையாட்டுத் தொகுப்பின் விலையில் எவ்வளவு கொடைக்குப் போக வேண்டும் என்பதை வாங்குபவரிடமே விட்டது. 2021இல் நிறுவனம் அவ்வுரிமைக்கு வரம்பு வைக்க முற்பட்டபோது வாங்குபவர்களிடம் எதிர்ப்பு எழுந்தது. பங்கீட்டை நிர்ணயிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவரே கொடையாளி என்பதை அந்த எதிர்ப்பு காட்டியது.

உளவியல் மறுப்பு

எளிதாகச் செய்த சிறு நன்மை, பெரிய உதவியிலிருந்து மனத்தை விலக்கிவிடும் என்பது இவ்விளையாட்டுகள்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. கிறிஸ்டோஃபர்சன், வைட், பெலோசா ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நுட்பமாக வரையறுக்கிறது. பிறர் அறியப் பெயரளவில் ஆதரவு காட்டியவர்களைவிட, தனிமையில் காட்டியவர்களே பின்னர் கூடுதலாக உதவ முன்வந்தனர். தனியே அமர்ந்து சொற்பொருள் பழகுபவருக்கு இக்குற்றச்சாட்டு அவ்வளவாகப் பொருந்தாது. குழுக்களும் தரவரிசைகளும் சேரும்போது பொருந்தத் தொடங்குகிறது.

முடிவு

கொடை விளையாட்டை இரு கணக்குகளில் தனித்தனியே மதிப்பிட வேண்டும். கல்விக் கருவியாக அதன் பயன் ஆடுபவருக்கே உரியது; அரிசி ஒன்றும் போகாவிட்டாலும் அது நிற்கும். கொடைக் கருவியாக அதன் மதிப்பு, பணம் தருபவர் யார், ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு, உச்சவரம்பு உண்டா, போய்ச்சேர்ந்தது எவ்வளவு என்ற நான்கு விவரங்களைப் பொறுத்தது. இவற்றைத் திரையிலேயே வெளியிடும் விளையாட்டைக் கொடை என்று ஏற்கலாம். வெளியிடாதது, நிரூபிக்கப்படும் வரை, விளம்பரமாகவே கருதத்தக்கது.