மணலில் இறக்கி, மணலில் ஏற்றி

நெய்வேலி, கம்மாபுரம் என்றாலே பழுப்பு நிலக்கரி நினைவுக்கு வரும். அதே கடலூர் மாவட்டத்துக்குக் கிழக்கே சுமார் 57 கிலோமீட்டர் கடற்கரையும் உண்டு. பிரிட்டன் கரைகளில் படகு இறக்கக் கட்டிய கல் சாய்தளங்கள் இந்தத் திறந்த கரையில் வேரூன்றவில்லை. பிரிட்டனில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். ஒதுக்கமான துறையில் தளம் கட்டிவிட்டால், பாசி வழுக்கினாலும் படகை இறக்கிவிடலாம். இங்கே ஓதம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். தொல்லை தருவது அலை. பருவக்காற்று திரும்பும்போது மணலும் இடம் மாறும். அதனால் கரைக்குத் தோதாகப் படகைக் கட்டினார்கள்.

1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746-இல் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இதுதான். ஆனாலும் கப்பல்கள் கரைக்கு வெளியே கடலில்தான் நங்கூரமிட்டன.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கும் ஆளும் மசூலாப் படகில் போய்வந்தார்கள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணியும் கிடையாது, உள்ளே விலாக்கட்டையும் கிடையாது. தரையில் மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். விறைப்பான ஐரோப்பியப் படகுகள் அதே இடத்தில் நொறுங்கின.

கட்டுமரம் இன்னும் எளியது. லேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் போதும். இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வைப் பார்த்து, முனை அலைக்கு நேராக இருக்கும்படி தள்ளிவிட்டு ஏறிக்கொள்வார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காது, நீந்திப்போய் மறுபடி ஏறலாம். மதராஸில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோன கட்டுமரக்காரர்கள், ஓலைத் தொப்பிக்குள் காகிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டார்கள். மசூலா கவிழ்ந்தால் பயணிகளைத் தூக்கிவிட்டவர்களும் அவர்களே. கரைக்குத் திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து மேட்டில் காயவைப்பார்கள். நனைந்த மரம் கனக்கும் என்பதால், காயவைப்பது அடுத்த நாள் பயணத்துக்கான ஏற்பாடு.

மதராஸில் 1861-இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. 1876-இல் துறைமுக வேலை தொடங்கியது. 1881-இல் புயல் அதைச் சிதைத்தும் வேலை நிற்கவில்லை. மசூலாவின் சரக்கு வேலை மெல்லக் குறைந்தது. மீனவர் கரைகளிலோ கட்டுமரம் நிலைத்தது.

மோட்டார் வந்ததும் கணக்கு மாறியது. எஞ்சினோடு படகு கனத்தது. நீருக்கடியில் சுழலும் விசிறி மணலில் இடித்தது. 1979-இல் தொடங்கி மதராஸைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏறும் படகுகளை வடிவமைத்தது. கரை நெருங்கும்போது விசிறியைத் தூக்கிக்கொள்ளும் எஞ்சின் அமைப்பும் அதில் பிறந்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளைப் பரப்பினார்.

2004 டிசம்பர் 26 சுனாமி பழைய கட்டுமரங்களை அடித்துச் சென்றது. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி பைபர் படகுகள். ஒரு பைபர் படகை அவிழ்த்துச் சுமக்க முடியாது. பல பேர் சேர்ந்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் வேண்டும். பெரிய விசைப்படகுகளுக்குக் கடலூர் முதுநகரில் உப்பனாற்றுத் துறைதான் கதி. அங்கே முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. படகு போய்வர மணலை அள்ளவேண்டியிருக்கிறது.