அரசுத் தலைமை வழக்கறிஞரும் குமரி மாவட்டமும்

மாநில அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறும் முதன்மை அலுவலர் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஆவார். இவரை அட்வகேட் ஜெனரல் என்றும் அழைப்பர். குற்ற வழக்குகளை அரசின் சார்பில் நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பேச்சு வழக்கில் 'பி.பி.' எனப்படுவார். இலங்கையில் இவ்விரு பணிகளும் சட்டமா அதிபர் என்ற ஒரே பதவியில் அடங்கும். இந்தியாவில் இவை தனித்தனிப் பதவிகள்.

திருவிதாங்கூர்க் காலம்

நாஞ்சில் நாட்டின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களும், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1920 முதல் 1923 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். இவர் பின்னர் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் சட்ட ஆலோசகரானார். 1936 முதல் 1947 வரை திவானாகவும் இருந்தார். 1936 நவம்பர் 12-இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியானது இவர் காலத்தில்தான். ஆலோசனை கூறியவரே ஆட்சியையும் நடத்தினார். அவர் மன்னருக்கே பொறுப்பானவர். சட்டசபையால் அவரைப் பதவி நீக்க இயலாது.

1956-க்குப் பின்

1956 நவம்பர் 1-இல் இந்நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. மேல்முறையீடுகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றன. 2004 சூலை 24 முதல் மதுரைக் கிளை அவற்றை விசாரிக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 165-ஆம் பிரிவின்படி அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். உயர்நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி அவருக்கு இருக்க வேண்டும். 177-ஆம் பிரிவின்படி அவர் சட்டமன்றத்தில் பேசலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. அதாவது, இன்று ஆலோசனை கூறுபவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு.

அரசு வழக்கறிஞரின் கடமை

நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு நடந்தால், அதை நடத்துபவர் இறந்தவரின் குடும்பத்தார் அல்லர், அரசு வழக்கறிஞரே. எனவே அவர் வழக்கைக் கைவிட்டால் அக்குடும்பத்துக்குப் பெரும் பாதிப்பு ஏற்படும். இதற்குச் சட்டம் தடை வைத்திருக்கிறது. அரசு விரும்பினாலும், வழக்கைத் திரும்பப் பெறுவது குறித்து அரசு வழக்கறிஞர் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். நீதிமன்றமும் இசைய வேண்டும். 2024 சூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்காமல் இசைவு தரக் கூடாது என்கிறது.

குற்றவாளிக்குத் தண்டனை பெற்றுத் தருவது மட்டும் அரசு வழக்கறிஞரின் வேலை அன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்று கிடைத்தாலும் அதை மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைப்பது அவர் கடமை. அவர் அரசிடம் ஊதியம் பெற்றாலும், உண்மை வெளிவர நீதிமன்றத்துக்குத் துணை நிற்பவர் ஆவார்.